பிள்ளையின் கையில் ஓர் ஆமையைக் கொடுங்கள்: பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களே,

ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் பிள்ளையைக் கோடிங் வகுப்பில் சேர்க்கலாமா, சேர்த்தால் எங்கே சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பகுதி நூலகத்தில் வார இறுதியில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தருகிறேன். பிள்ளையை விட்டுவிட்டுப் போக வரும்போது நீங்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. என்ன மொழி சார், பைத்தானா ஜாவாவா? சான்றிதழ் தருவீர்களா? ஆப் செய்வதற்கு எத்தனை மாதம் ஆகும்? வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் ஓராண்டுக்கு மொழியைப் பற்றியும் சான்றிதழைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு பிள்ளையால் முழுவதுமாகப் புரிந்துகொள்ள முடிகிற அளவுக்குச் சின்னதாக ஒரு கணினி வேண்டும். சொன்னபடி தரையில் ஓடிக் காட்டுகிற இரு சக்கர வண்டி ஒன்று வேண்டும். இவை இரண்டும் கற்றுத்தருவதைப் பளபளப்பான எந்தச் செயலியும் கற்றுத்தருவதில்லை. 2020 ஊரடங்குக் காலத்தில் ஆறு வயதுப் பிள்ளைகளும் ஆப் செய்து கோடீஸ்வரர் ஆகலாம் என்ற தோரணையில் வந்த விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த அவசரம் இன்னும் நம் மனதை விட்டுப் போகவில்லை. அது போக வேண்டும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1967-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், பி.பி.என் என்ற ஆய்வு நிறுவனத்தில் வாலி ஃபியூர்ஸைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் பிள்ளைகளுக்கென்றே லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். கணினி என்பது ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற காலம் அது. பெரியவர்களிலேயே பெரும்பாலோர் அதைக் கண்ணால் கண்டதில்லை. அந்த நாளில் பள்ளிப் பிள்ளைகள் கணினிக்குக் கட்டளையிட வேண்டும் என்று நினைத்ததே பெரிய துணிச்சல். பேப்பர்ட் கணித அறிஞர். ஜெனீவாவில் உளவியலாளர் ழான் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணியாற்றி, குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவர். சில ஆண்டுகளில் லோகோவுக்கு ஓர் உடம்பும் கிடைத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் சக்கரம் வைத்த ஓர் எந்திரத்தைச் செய்து, அதற்கு ஆமை என்று பெயரிட்டார்கள். அதன் நடுவில் ஒரு பேனா. ‘ஃபார்வர்ட் 100’ என்றால் நூறு சின்ன அடி எடுத்து முன்னே போகும், ‘ரைட் 90’ என்றால் வலப்பக்கம் திரும்பும். போன வழியெல்லாம் தரையில் விரித்த தாளில் கோடு விழும்.

அவ்வளவுதான் அந்த எந்திரம். ஆனால் அதற்குள் இருக்கும் யோசனை பெரியது. கணினி கேள்வி கேட்டுப் பிள்ளை பதில் சொல்லும் ஏற்பாட்டை பேப்பர்ட் ஏற்கவில்லை. பிள்ளைதான் கணினிக்குச் சொல்லித்தர வேண்டும் என்றார். 1980-ல் அவர் எழுதிய ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலின் சாரம் இதுதான். லெகோ நிறுவனம் 1998-ல் கொண்டுவந்த ரோபோத் தொகுப்புக்கு அந்த நூலின் பெயரையே வைத்தது.

எங்கள் வகுப்பில் புதிதாக வரும் பிள்ளைகளிடம் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஆமையை வைத்து ஒரு சமபக்க முக்கோணம் வரையச் சொல்வேன். முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 டிகிரி என்று பள்ளியில் படித்தாயிற்று. ஆகவே பிள்ளை ‘ஃபார்வர்ட் 100, ரைட் 60’ என்று மூன்று முறை எழுதும். ஆமை மூன்று கோடுகள் போட்டுவிட்டு நிற்கும். முக்கோணம் வராது, அறுகோணத்தில் பாதி வரும். ‘சார், மெஷின் தப்பு’ என்பதுதான் முதல் பேச்சு. நான் ஒன்றும் சொல்வதில்லை. சாக்பீஸால் தரையில் பெரிய முக்கோணம் ஒன்று போட்டு, ‘நீயே ஆமையாக நடந்து பார்’ என்பேன். முதல் முனை வரை நேராக நடந்து வந்து, அங்கே திரும்பும்போதுதான் பிள்ளைக்குத் தெரியும். கொஞ்சம் திரும்பினால் போதாது, செங்கோணத்தையும் தாண்டி உடம்பைத் திருப்ப வேண்டியிருக்கிறது. கோடுகளுக்கு உள்ளே இருக்கும் கோணம் 60, ஆமை திரும்ப வேண்டிய கோணம் 120. மூன்று முனையும் திரும்பி முடித்தால் முதலில் பார்த்த திசையையே மறுபடி பார்த்துக்கொண்டு நிற்கும். மூன்று நூற்றிருபது, முந்நூற்று அறுபது. அதற்குப் பிறகு சதுரத்துக்கு 90 என்றும் ஐங்கோணத்துக்கு 72 என்றும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து முனை நட்சத்திரத்துக்கு 144 வைத்துப் பார்த்து, மொத்தம் 720 வருகிறதே, ஆமை இரண்டு சுற்று சுற்றிவிட்டதா என்று என்னிடமே கேட்ட பிள்ளைகள் உண்டு.

கணக்கு நோட்டில் தப்புச் செய்தால் சிவப்பு மை விழும், விஷயம் அதோடு முடிந்துபோகும். இங்கே தப்பு கண்ணுக்கு முன்னால் படமாக நிற்கிறது, அதைத் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது. எழுதிய நிரல் முதல் முறையே சரியாக ஓடுவது, கைதேர்ந்த நிரலர்களுக்கும் அபூர்வம். தப்பைக் கண்டு அஞ்சாத பழக்கம் பத்து வயதில் வந்துவிட்டால் அது எந்தப் பாடத்துக்கும் உதவும்.

திரையில் ஓடும் ஆமை நூறு என்றால் சரியாக நூறுதான் போகும். தரையில் ஓடுவது அப்படியில்லை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் ஒரு வண்டிக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார் இரண்டு, அதற்கேற்ற சக்கரங்கள், முன்னால் தாங்கிக்கொள்ள ஒரு காஸ்டர் சக்கரம், எல்298என் மோட்டார் டிரைவர் பலகை, ஓர் ஆர்டுயினோ ஊனோ. பூட்டி முடித்து ‘நேராகப் போ’ என்று நிரல் எழுதி விட்டால், வண்டி நேராகப் போகாது. ஏதாவது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்த இரண்டு மோட்டார்கள், ஒரே மின்னழுத்தம், ஆனாலும் ஒன்று சற்று வேகமாகச் சுழலும்.

பிள்ளை முதலில் நிரலைச் சந்தேகப்படும். வரிவரியாகப் படித்துப் பார்க்கும். நிரலில் தப்பில்லை. அப்படியானால் தப்பு எங்கே? இரண்டு மோட்டார்களையும் இடம் மாற்றிப் பூட்டிப் பார்க்கலாம். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு மோட்டாரில். மாறாவிட்டால் சட்டத்திலோ காஸ்டரிலோ இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற அறிவியல் முறையை, அந்தப் பெயரே தெரியாமல் பிள்ளை பழகிக்கொள்கிறது. வேகமான பக்கத்தின் வேக எண்ணை 255-லிருந்து 240-க்குக் குறைத்தால் வண்டி நேராகும். அடுத்த வாரம் பேட்டரி தேய்ந்திருக்கும், மொசைக் தரைக்குப் பதில் பாய் விரித்திருக்கும், அந்த 240 பொய்த்துப்போகும். ஒரே எண்ணை நம்பியிருக்க முடியாது, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று வண்டியே எண்ணிப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற இடத்துக்குப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து சேர்கிறார்கள். துளையிட்ட ஒரு சின்ன வட்டும் ஒளியுணரி ஒன்றும் போதும், அதைச் செய்துவிடலாம்.

வாங்கப்போகும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். கடைகளில் சதுரமாக ஒரு 9 வோல்ட் பேட்டரி தருவார்கள். மோட்டாருக்கு வேண்டிய அளவு மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. சக்கரம் சுழலத் தொடங்கியதும் மின்னழுத்தம் விழுந்து, ஆர்டுயினோ அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பிள்ளை தன் நிரல்தான் தவறு என்று எண்ணி மணிக்கணக்கில் வரிகளை மாற்றிக்கொண்டிருக்கும். சாதாரண பென்டார்ச் செல் ஆறு போட்ட ஒரு பெட்டி வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. லித்தியம் செல் வேண்டுமென்றால் சார்ஜ் போடுவது பெரியவர் கண் முன்னால் நடக்கட்டும்.

இனி பழைய கணினிக்கு வருகிறேன். ‘நாற்பது வருஷத்துப் பழசை எதற்கு சார் சொல்லித்தருகிறீர்கள்?’ என்று ஒரு தந்தை வருத்தத்தோடு கேட்டார். நியாயமான கேள்விதான்.

1981 டிசம்பரில் பிரிட்டனின் ஏக்கார்ன் நிறுவனம் பிபிசி மைக்ரோ என்ற கணினியை வெளியிட்டது. மக்களுக்குக் கணினி அறிவு தர வேண்டும் என்று பிபிசி ஒரு தொலைக்காட்சித் தொடரைத் திட்டமிட்டு, அதற்குத் துணையாக ஏற்பாடு செய்த கணினி அது. அதன் மாடல் பி-யில் இருந்த நினைவகம் 32 கிலோபைட். உங்கள் கைபேசியில் இன்று காலை வந்த பூப்போட்ட வணக்கம் படம் ஒன்றுகூட அதில் அடங்காது. ஆனால் சுவிட்சைப் போட்டால் ஒரு பீப் ஒலி கேட்கும், அடுத்த நொடியே பேசிக் என்ற நிரல்மொழி தயாராக நின்று உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும். கடவுச்சொல் கேட்காது, அப்டேட் என்று அரை மணி நேரம் சுற்றாது, விளையாட்டு அறிவிப்பு எதுவும் வந்து விழாது. நீ சொன்னால் செய்வேன், சொல்லாவிட்டால் சும்மா இருப்பேன் என்று அது நிற்கும். பிள்ளை ‘10 பிரிண்ட்’ என்று எழுதித் தன் பெயரைப் போட்டு, ‘20 கோடூ 10’ என்று சேர்த்து, ‘ரன்’ கொடுக்கும். திரை முழுக்கத் தன் பெயர் ஓடும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த எந்திரம் நம் நாட்டுக்கும் வந்தது. 1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, முதற்கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோவைத்தான் கொடுத்தது. இன்று ஐம்பதைத் தாண்டிய நம் மென்பொருளாளர்களில் சிலருக்கு முதல் கணினியே அதுதான்.

அந்தக் கணினிக்கு பேசிக் மொழியை எழுதியவர் சோஃபி வில்சன். அவரும் ஸ்டீவ் ஃபர்பரும் சேர்ந்து அடுத்து வடிவமைத்ததுதான் ஆர்ம் என்ற நுண்செயலி. 1985 ஏப்ரலில் முதல் சில்லு வேலை செய்தது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி அநேகமாக அந்த வம்சம்தான். பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க வருவோர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததையும், வருபவர்களுக்கு முந்தைய தலைமுறைபோல் நிரல் எழுதிய அனுபவம் இல்லாததையும் கண்டு எபன் அப்டனும் நண்பர்களும் ராஸ்பெர்ரி பை என்ற மலிவுக் கணினியைச் செய்தார்கள். 2012-ல் அது விற்பனைக்கு வந்தபோது, பிபிசி மைக்ரோவின் நினைவாக மாடல் ஏ, மாடல் பி என்றே பெயர் வைத்தார்கள். வீட்டில் ஒரு சின்னக் கணினியோடு மல்லுக்கட்டி வளர்ந்த தலைமுறையின் அருமையை அந்தப் பல்கலைக்கழகமே அனுபவத்தில் கண்டது.

அந்தத் தந்தைக்கு என் பதில் இதைவிட எளிது. கொமடோர் 64 என்று 1982-ல் வந்த கணினி ஒன்று உண்டு. அதைப் போலவே இயங்கும் ‘வைஸ்’ என்ற எமுலேட்டர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ‘போக் 53280,2’ என்று எழுதி எண்டர் தட்டினால் திரையின் ஓரம் சிவப்பாகும். நினைவகம் என்பது 65,536 வீடுகள் உள்ள நீண்ட தெரு என்றால், 53280 ஒரு கதவிலக்கம். அந்த வீட்டில் எந்த எண்ணைப் போடுகிறோமோ அதற்கேற்ற நிறம் ஓரத்தில் தெரியும். பூஜ்யத்துக்குக் கறுப்பு, ஒன்றுக்கு வெள்ளை என்று 15 வரை பிள்ளைகள் போட்டுப் பார்ப்பார்கள். 16 போட்டால் மறுபடி கறுப்பு. ஏன்? 255 வரை ஏற்கும், 256 போட்டால் ‘செல்லாத அளவு’ என்று பிழை காட்டும். அது ஏன்? இந்தக் கேள்வியில் ஒரு வகுப்பு முழுவதும் போய்விடும். போகட்டும் என்று விட்டுவிடுவேன். எட்டுப் பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 255 என்று அவர்களே விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடிப்பார்கள். ஒரு நாள் ஒரு சிறுமி சட்டென்று தலை நிமிர்ந்து, ‘நம்ம வண்டியோட மோட்டார் வேகமும் 255-தானே சார்?’ என்றாள். ஆமாம், அதுதான். எங்கள் ஆர்டுயினோ ஊனோவில் இருப்பதும் எட்டு பிட் நுண்செயலிதான். அதன் ரேம் 2 கிலோபைட், கொமடோரைவிடச் சின்னது. பல வாஷிங் மெஷின்களுக்குள்ளும் ரிமோட்டுகளுக்குள்ளும் இன்றும் இருப்பவை இந்த அளவுக் கணினிகளே. நாற்பது வருஷத்துப் பழசு என்று ஒதுக்குவதற்கு இதில் ஒன்றுமில்லை.

இதற்குப் புதிதாகக் கணினி வாங்க வேண்டியதில்லை. 2011-ல் தொடங்கி அரசு தந்த விலையில்லா மடிக்கணினி பலர் வீட்டு அலமாரியில், அண்ணனோ அக்காவோ கல்லூரி முடித்த பிறகு, தூங்கிக்கொண்டிருக்கிறது. பேட்டரி போயிருக்கும், செருகி வைத்தால் ஓடும். எமுலேட்டருக்கு அது தாராளம். பைத்தான் மொழியோடு ஓர் ஆமையும் சேர்ந்தே வருகிறது, அது லோகோ ஆமையின் நேர் வாரிசு. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருப்பதால், ஆமையோடு வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் பழகிய வீடாக இருக்கும். ஆங்கிலம் தடுக்கிறது என்றால், தமிழிலேயே நிரல் எழுத ‘எழில்’ என்ற மொழி இருக்கிறது, அதில் தொடங்கலாம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒன்று. நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டி பூட்டும்போது ஸ்க்ரூடிரைவர் பையன் கைக்குப் போய்விடுகிறது, குறிப்பு எழுதும் நோட்டு பெண் கைக்கு வருகிறது. யாரும் சொல்லி இது நடப்பதில்லை, தானாகவே நடக்கிறது. எங்கள் வகுப்பில் அரை மணிக்கு ஒரு முறை கைமாற்றச் சொல்கிறேன். வீட்டிலும் நீங்கள் கவனிக்க வேண்டும். லோகோவை உருவாக்கியவர்களில் சிந்தியா சாலமன் ஒருவர். பேசிக் எழுதியவர் சோஃபி வில்சன் என்று மேலே சொன்னேன். 1970-களின் நடுவில் எம்.ஐ.டி.யில், எழுதப் படிக்கத் தெரியாத மூன்றரை, நான்கு வயதுக் குழந்தைகளும் ஆமையை ஓட்டும்படி பொத்தான் பெட்டியும், பிளாஸ்டிக் அட்டைகளைச் செருகும் கருவியும் செய்தவர் ரேடியா பெர்ல்மன். ஓர் அட்டைக்கு ஒரு கட்டளை, வரிசையாகச் செருகினால் அதுவே நிரல். பின்னாளில் கணினி வலையமைப்புகளுக்கு அடிப்படையான ‘ஸ்பேனிங் ட்ரீ’ நெறிமுறையை வகுத்தவரும் அவர்தான். இந்தப் பெயர்களை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

இப்போது ஏஐ வந்துவிட்டதே, கேட்டால் அதுவே நிரல் எழுதித் தருகிறதே, பிள்ளை எதற்காகக் கஷ்டப்பட வேண்டும் என்கிறீர்கள். எழுதித் தரட்டும். அதை வண்டியில் ஏற்றித் தரையில் விட்டுப் பாருங்கள். உங்கள் வண்டியின் எந்த மோட்டார் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அதற்குத் தெரியாது. கையில் கிடைத்த நிரல் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல, தானே நாலு நிரல் எழுதி, தப்புச் செய்து, திருத்திய அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்தை யாரிடமிருந்தும் கடன் வாங்க முடியாது. ஆகவே முதல் ஆண்டில் ஏஐ வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கடைசியாக, உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இந்தக் கோடை விடுமுறையில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வண்டிக்கான பாகங்களை வாங்குங்கள். ஆளுக்குப் பிரித்துக்கொண்டால் ஒரு மாத டியூஷன் கட்டணத்துக்குள் முடிந்துவிடும். அலமாரியில் இருக்கும் மடிக்கணினியை இறக்கிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அருகில் இருக்கும் நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு மேசையும் மின்இணைப்பும் கேட்டு வாங்கித் தாருங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வண்டி நடுத்தரையில் நின்றுவிட்டால் பிள்ளை உங்களைத்தான் திரும்பிப் பார்க்கும். உடனே கை நீட்டிச் சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள். ‘என்ன நடக்கும் என்று நினைத்தாய், என்ன நடந்தது?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் கணினி ஆசிரியர்